வெறுந்தந்தியிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

பள்ளிக் காலத்தில் கர்நாடக வயலின் கற்றேன். வர்ணம் முடிந்து கீர்த்தனை தொடங்கியபோது நின்றுபோனது. 18 ஆண்டுகளாக வயலின் அலமாரியில் கிடக்கிறது. இப்போது கீர்த்தனையிலிருந்தே தொடரலாமா?

கவிதா, ஈசூன்

அன்புள்ள கவிதா,

கூடாது. அதற்கும் முன்னால், பெட்டியைத் திறந்ததும் தந்தியை இறுக்கும் பிரடையை முறுக்கிவிடாதீர்கள். வயலினை மெல்ல அசைத்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் மேல்பலகையைத் தாங்கும் சிறு கம்பு விழுந்திருக்கிறது. அந்த நிலையில் தந்தியை இறுக்கினால் பலகை அமுங்கி விரிசல் விடும். அடுத்து, விளிம்பைச் சுற்றி விரல்முட்டியால் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓசை அதிர்ந்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. சிங்கப்பூர் ஈரத்தில் இது சகஜம். கடைப்பசை வேண்டவே வேண்டாம். வயலினுக்கு வச்சிரம் என்னும் விலங்குப் பசைதான், பழுதுபார்ப்பவர் கையால்.

எல்லாம் சரியென்றால் தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் சேர்த்துக் கழற்றினால், தந்திகளைத் தாங்கும் குதிரை விழும், கம்பும் சாயலாம். முறுக்க முறுக்கக் குதிரை பிரடைப் பக்கம் சாயும், அவ்வப்போது நிமிர்த்துங்கள். வில்லின் முடி கொத்தாக அறுந்திருந்தால் பூச்சி அரித்தது. முடி மாற்ற வேண்டும்.

வாசிப்பில் இடக்கை அவ்வளவாக மறப்பதில்லை, வலக்கைதான் மறக்கும். ஆகவே முதல் இரண்டு வாரம் தம்புரா செயலியோடு வெறுந்தந்தி மட்டும், இடக்கை விரல் வைக்காமல். ஒரு வில்லுக்கு எட்டு எண்ணிக்கை, கண்ணாடி முன்னால். வில் நுனிக்குப் போகும்போது முழங்கை பின்னால் போனால் வில் கோணலாகிக் குதிரையை விட்டு நழுவும், நாதம் மெலியும். பழைய ஸ்ருதி ஐந்து கட்டையாக இருந்தாலும் இப்போதைக்கு அதைவிடத் தாழ்ந்த மூன்று கட்டை போதும்; இழுவை குறைவதால் விரல்நுனி தாங்கும். பிறகு மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை, மெதுவான முதற்காலம் மட்டும். வேகமும், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகமும் ஸ்ருதிப் பிழையை மறைத்துவிடும், வர்ணத்துக்கு அவசரப்படுவோர் ஏமாறுவது அங்கேதான். ஸ்வரங்களை இரட்டித்து வாசிக்கும் ஜண்டை வரிசை மூன்று வேகத்திலும் பிசகாமல் வந்த பிறகு வர்ணம், அதன்பின் கீர்த்தனை.

ஒருவேளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். சம்மணமிட்டு உட்கார இடுப்பு மறுத்தால் மடித்த போர்வை மேல் உட்காருங்கள்.

அண்டை வீட்டாருக்காகக் குதிரையில் ஓசையைக் குறைக்கும் ரப்பர் மியூட் போடுவதுண்டு. தினமும் அப்படியே வாசித்தால் ஓசை போதாமல் வில்லை அழுத்தும் பழக்கம் வந்துவிடும். இரவில் மட்டும் போடுங்கள்.