டயாலிசிஸ் முடிந்த அன்று அம்மா படுத்தே கிடக்கிறார், எப்படிச் சமாளிப்பது?

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் உங்கள் தாயார், வீடு திரும்பியதும் மறுநாள் காலை வரை எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்றும், இது இயல்புதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் நான், சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து, பல ஆண்டுகளாக அதே சிகிச்சையில் இருக்கிறேன். உங்கள் தாயார் தம் சோர்வைப் பற்றி அங்குள்ள செவிலியரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. 1860-இல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கு வந்து சேர்ந்த நாள் முதலாக, கரும்புத் தோட்டத்தில் காய்ச்சலோடும் வேலை செய்தவர்களின் வழிவந்த எங்கள் வீடுகளில், பகலில் படுப்பது இன்றைக்கும் ஒரு குற்றம்போலத்தான் பார்க்கப்படுகிறது. அதோடு, "இடம் கிடைத்ததே பெரிது, குறை சொல்லாதே" என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. இந்த நாட்டின் அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. எங்கள் டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சுப்பிரமணி அந்தச் சிகிச்சைக்காக அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றார். 1997 நவம்பரில் நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை ஏற்க மறுத்தது. அதன்பின் அவர் நெடுநாள் உயிரோடு இல்லை. அதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் அப்படிப் பேசுவதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் நன்றியோடு இருப்பது வேறு, உடல் காட்டும் அறிகுறியை மறைப்பது வேறு. இப்படி எழுதுவதால் எனக்கு நன்றியில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த இயந்திரம் இல்லையென்றால் நான் இல்லை என்பதை நன்றாக அறிவேன்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில் பசி திரும்பி, உடம்பில் சற்றுச் சதை பிடித்தது. அதிகப்படியான நீரெல்லாம் வெளியேறிய பின் உடல் இருக்க வேண்டிய எடையை உலர் எடை என்பார்கள். அதை மட்டும் யாரும் மாற்றவில்லை. கூடிய சதையையும் நீர் என்றே கணக்கிட்டு, இயந்திரம் ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் உறிஞ்சியது. கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், ரத்த அழுத்தம் சரியும், குரல் கம்மிவிடும். வீட்டுக்கு வந்தபின் தலைவார சீப்பைத் தூக்குவதற்குக்கூடக் கை வராது. செவிலியர் இது எல்லாருக்கும் வருவதுதான் என்றார். நான் அதை ஏற்கவில்லை. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உள்ள எடை, உட்கார்ந்தும் நின்றும் பார்த்த ரத்த அழுத்தம், எந்த நேரத்தில் கால் இழுத்தது என்பவற்றை ஒரு பள்ளி நோட்டில் எழுதி, மருத்துவரிடம் காட்டினேன். அந்த அம்மையார் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார், கணுக்காலை அழுத்திப் பார்த்தார், உலர் எடையை அரை கிலோ உயர்த்தினார். சோர்வு முற்றாகப் போய்விடவில்லை. ஆயினும் பிற்பகல் தூங்கி எழுந்து, மாலையில் நானே விளக்கேற்றும் அளவுக்கு நிலைமை மாறியது.

ஆகவே அம்மாவின் உலர் எடை என்ன, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நீர் எடுக்கிறார்கள் என்ற கணக்கை முதலில் நீங்களும் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 13 மில்லிலிட்டருக்கு மேல் நீர் எடுப்பதைத் தவிர்ப்பதே நல்லது என்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 3 லிட்டர். அதற்கு மேல் நீர் சேர்ந்திருந்தால், நேரத்தை நீட்டித்து மெதுவாக எடுக்க முடியுமா என்று கேட்கலாம். ஹீமோகுளோபின் அளவும் முக்கியம். பெரும்பாலும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 10 கிராமுக்கும் 11.5 கிராமுக்கும் இடையில் வைத்திருக்கவே முயல்கிறார்கள், அதற்குத்தான் ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியும் இரும்புச்சத்தும். ரத்த அழுத்த மாத்திரையைச் சிகிச்சை நாளில் காலையில் போடுவதா, முடிந்தபின் போடுவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தண்ணீரைக் குறைக்கச் சொல்லி அம்மாவோடு போராடுவதைவிட உப்பைக் குறைப்பது எளிது, ஏனென்றால் தாகத்தை எழுப்புவதே உப்புதான். எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி சாப்பாட்டு மேசையைவிட்டே போய்விட்டது. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோவில் கூழும் நீர்க்கணக்கில் சேரும். பிரசாதத்தை மறுப்பதா என்று என் நாத்தனார் வருத்தப்பட்டார், நான் இரண்டு கரண்டி மட்டும் வாங்கிக்கொண்டேன்.

சிகிச்சை நாளில் அவரை எழுப்பி நடக்கவைக்க வேண்டாம். ஏதாவது சிறிது உண்ணக் கொடுத்து, இருட்டறையில் இரண்டு மணி நேரம் தூங்கவிடுங்கள். உறவினர் தொலைபேசியை நீங்களே எடுங்கள். நடை, சமையல், கோவில் எல்லாம் சிகிச்சை இல்லாத நாளுக்கு. ஆனால் சோர்வோடு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குளிர்நடுக்கம், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடமான ஃபிஸ்டுலாவில் நிற்காத ரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.