மதுரைய விட யாழ்ப்பாணம் கிட்டயா?

கேள்வி: நல்லூர் திருவிழாவுக்கு அம்மாவ கூட்டிட்டு போகலாம்னு இருக்கேன். சென்னை டு யாழ்ப்பாணம் ப்ளைட் தூரம் தேடினா ஒரு எடத்துல 354, இன்னொரு எடத்துல 220, வேற எடத்துல 191னு இருக்கு. எது சரி? இவ்ளோ கிட்டன்னா டிக்கெட்ல ஏன் ஒன்றரை மணி நேரம்னு போடறாங்க?
- தாம்பரம் வாசகி

பதில்: மூணுமே சரிதாங்க. 354 கிலோமீட்டர், 220 சாதா மைல், 191 கடல் மைல். விமானக்காரங்க கணக்கு கடல் மைல்லதான், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. மேப்ல ஸ்கேல் வச்சு பாருங்க, மீனம்பாக்கத்துல இருந்து பலாலிக்கு (யாழ்ப்பாணத்தோட ஏர்போர்ட் அங்கதான்) கிட்டத்தட்ட நேர் தெற்கா ஒரு கோடு. மதுரை ஏர்போர்ட் இதே மாதிரி அளந்தா சுமார் 415 கி.மீ. ஆமா, மதுரைய விட யாழ்ப்பாணம் நமக்கு கிட்ட! எனக்கே மொதல்ல நம்ப முடியல, ரெண்டு தடவ அளந்து பாத்தேன்.

நேரம் எங்க போகுதுன்னா, இந்த ரூட்ல ஓடுறது ஏடிஆர், அதாவது ரெக்கைல காத்தாடி சுத்துற சின்ன ப்ளைட், மணிக்கு 500 கி.மீ. சொச்சம்தான் போகும். அந்த கணக்குல பறக்க முக்கா மணி நேரம் போதும், ஆனா டிக்கெட்ல போடறது கதவ சாத்தி கிளம்பறதுல இருந்து அங்க போய் நிறுத்தற வரைக்கும், நடுவுல ரன்வேக்கு ஊர்ந்து போறது, முன்னாடி நிக்கிற ப்ளைட்டுக்காக காத்திருக்கறது, ஏர்றது எறங்கறது எல்லாம் சேத்தி. ஏடிஆர்ல பின்பக்க கதவு வழியாதான் ஏறணும், அம்மாவுக்கு பின்னாடி சீட்டே கேளுங்க, நடக்கறதும் கம்மி காத்தாடி சத்தமும் கம்மி. போறப்ப வலது பக்க ஜன்னல், நம்ம கரை அந்த பக்கம்தான்.

வெளிநாட்டு பயணங்கறதால மூணு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட் போயிடணும், பலாலில எறங்கி யாழ்ப்பாணம் டவுனுக்கு இன்னொரு அரை மணி நேரம். இருந்தாலும் 2019ல பலாலி தொறக்கறதுக்கு முன்னாடி பாத்தத நெனச்சா இது ஒண்ணுமே இல்ல, யாழ்ப்பாணத்த தாண்டி கொழும்பு போய் எறங்கி, அங்கருந்து திரும்ப வடக்க ராத்திரி பூரா பஸ்ல வரணும்.

கேள்வி: சிங்கப்பூர்ல இருக்கற பையன் "ராத்திரி எட்டுக்கு கிளம்பறேன், 9.45க்கு சென்னை"ங்கறான். போனப்ப மட்டும் ராத்திரி 11க்கு ஏறி காலைல 5.50 ஆச்சே?
- மயிலாடுதுறை வாசகர்

பதில்: ரெண்டு தடவையும் ஏறக்குறைய நாலேகால் மணி நேரம்தான் சார், தூரமும் அதே 2,900 கி.மீ. சொச்சம். டிக்கெட்ல எந்த ஊர்ல ஏர்றோமோ அந்த ஊர் டைம், எங்க எறங்கறோமோ அங்கத்த டைம். சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அதனால போறப்ப அது கூடும், வர்றப்ப கழியும். இலங்கைக்கும் நமக்கும் ஒரே டைம்ங்கறதால மேல கேட்டவங்களுக்கு இந்த கொழப்பம் இல்ல. 9.45 நம்ம ஊர் டைம்தான், ஆனா இமிகிரேஷன் முடிச்சு பெட்டி வந்து வெளிய வர பதினொண்ணு ஆயிடும், கார் சொல்றதுன்னா அதுக்கு சொல்லுங்க.