கட்சியே கூடாது என்றவர்கள் பத்தே வருடத்தில் எப்படி இரண்டு கட்சியானார்கள்?

"அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்கள் கட்சி அரசியலையே வெறுத்தார்கள் என்கிறார்கள், பிறகு வாஷிங்டன் காலத்திலேயே எப்படி இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், கட்சி கூடாது என்று நினைத்ததால்தான் அந்தச் சண்டை அவ்வளவு அசிங்கமாகப் போனது. நம்மை எதிர்ப்பவன் நாளைக்கு ஜெயித்து ஆளலாம், அதுவும் நியாயம்தான் என்ற எண்ணமே அந்தத் தலைமுறையிடம் கிடையாது. எதிர்ப்பவன் என்றால் ஒன்று துரோகி, இல்லையென்றால் அந்நிய நாட்டின் கைக்கூலி. இரண்டு பக்கமும் மனப்பூர்வமாக இதை நம்பியது.

ஆரம்பம் பணத்தில்தான். வாஷிங்டனின் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1790இல், மாநிலங்களின் சுதந்திரப் போர்க் கடனை மத்திய அரசே ஏற்க வேண்டும் என்றார். வர்ஜீனியா தன் கடனில் பெரும்பகுதியை ஏற்கெனவே அடைத்திருந்தது, அதனால் அடுத்தவன் கடனுக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கொதித்தார்கள். வர்ஜீனியாக்காரரான வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெபர்சன் வீட்டில் ஒரு விருந்தில் பேசி முடித்தார்கள்: கடன் திட்டத்துக்கு வழி விடுங்கள், தலைநகரம் தெற்கே பொடோமாக் நதிக்கரைக்கு வரட்டும். வாஷிங்டன் நகரம் இன்று இருக்கும் இடத்தில் இருப்பதற்கு அந்தப் பேரமும் ஒரு காரணம். சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1791இல் தேசிய வங்கி, விஸ்கிக்கு வரி, அப்புறம் பிரெஞ்சுப் புரட்சி. பிரான்ஸை ஆதரிப்பதா பிரிட்டனோடு ஒத்துப்போவதா என்பதில் ஊரே பிளந்தது. பிரிட்டனோடு ஒத்துப்போகச் சொன்ன ஹாமில்டன் பக்கம் ஃபெடரலிஸ்ட்கள், பிரான்ஸை ஆதரித்த ஜெபர்சன், அவருடைய வர்ஜீனியா நண்பர் ஜேம்ஸ் மேடிசன் பக்கம் ரிபப்ளிக்கன்கள். (இன்றைய ரிபப்ளிக்கன் கட்சி வேறு, அது 1854இல்தான் பிறந்தது. உண்மையில் இன்றைய டெமாக்ரட்கள்தான் ஜெபர்சனைத் தங்கள் முன்னோடி என்பார்கள்.)

ஜெபர்சனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். வாஷிங்டனின் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சராக உட்கார்ந்துகொண்டே, பிலிப் ஃப்ரெனோ என்ற கவிஞருக்குத் தன் துறையில் ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை போட்டுக் கொடுத்தார். அந்த ஃப்ரெனோ நடத்திய பத்திரிகையின் முக்கிய வேலை, அதே அரசைக் கிழிப்பது! ஹாமில்டன் தரப்புக்கு ஏற்கெனவே ஒரு பத்திரிகை இருந்தது, அதற்கும் அரசு அச்சு வேலைகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் யோக்கியர் இல்லை.

அரசியல் சட்டமும் இதற்குத் தயாராக இல்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமிக்கும் தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு, முதலில் வருபவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். கட்சி இல்லாத உலகத்துக்கு எழுதிய விதி. விளைவு, 1796இல் 71 ஓட்டு வாங்கிய ஜான் ஆடம்ஸ் அதிபர், அவரை எதிர்த்து 68 வாங்கிய ஜெபர்சன் துணை அதிபர். பரம எதிரிகள் இருவரும் ஒரே அரசில்!

இனி மேத்யூ லயன். எனக்கு இந்தக் காலகட்டத்திலேயே பிடித்த ஆசாமி. அயர்லாந்திலிருந்து கொத்தடிமை ஒப்பந்தத்தில் வந்து, வெர்மான்ட் மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போனவர், முரட்டு ரிபப்ளிக்கன். 1798 ஜனவரியில் கனெக்டிகட் உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வோல்ட் இவருடைய பழைய ராணுவ அவமானம் ஒன்றைக் கிண்டல் செய்ய, லயன் சபையிலேயே அவர் முகத்தில் துப்பிவிட்டார். சபையிலிருந்து நீக்கப் பார்த்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வோல்ட் கைத்தடியோடு வந்து சபைக்குள்ளேயே வெளுத்து வாங்க, லயன் கணப்படுப்பிலிருந்த இடுக்கியை எடுத்துத் திருப்பி அடித்தார்.

அதே 1798 ஜூலையில் ஃபெடரலிஸ்ட்கள் ராஜத்துரோகச் சட்டம் கொண்டுவந்தார்கள். அரசைப் பற்றியோ அதிபரைப் பற்றியோ நாடாளுமன்றத்தைப் பற்றியோ பொய்யாக, கெட்ட நோக்கத்தோடு எழுதினால் 2000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. துணை அதிபரை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், சட்டத்தில் அவர் பெயர் இல்லை. ஏனென்றால் துணை அதிபர் ஜெபர்சன்! சட்டம் காலாவதியாகும் தேதி 1801 மார்ச் 3, ஆடம்ஸின் பதவிக்காலம் முடிகிற நேரம். இவ்வளவு வெளிப்படையாகக் கட்சிக்காக ஒரு சட்டத்தைத் தைத்தவர்கள் கூச்சமே படவில்லை, நாட்டைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார்கள். முதலில் சிக்கியவர்களில் லயனும் ஒருவர்: 4 மாதச் சிறை, 1000 டாலர் அபராதம். சிறைக்குள் இருந்தபடியே மறுபடியும் தேர்தலில் ஜெயித்தார்.

1800 தேர்தலில் ரிபப்ளிக்கன்கள் ஜெயித்தார்கள், ஆனால் ஒரு சிக்கல். தேர்வாளர்கள் எல்லோரும் ஒழுங்காகக் கட்சிக் கட்டுப்பாட்டோடு ஓட்டுப் போட்டதால், அதிபர் வேட்பாளர் ஜெபர்சனுக்கும் 73, துணை அதிபராக நிறுத்திய ஏரன் பர்ருக்கும் 73. ஆடம்ஸுக்கு 65. (அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டுத் தெற்கு மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்திராவிட்டால் ஆடம்ஸ்தான் ஜெயித்திருப்பார் என்று கணக்குப் போட்டுக் காட்டிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. விடுதலை பேசிய கட்சியின் வெற்றி அப்படி.) பர் விலகுவதாகச் சொல்லவில்லை. சமன் ஆனதால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது, அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, 16 மாநிலங்களில் 9 வேண்டும். ஜெபர்சனைத் தடுக்க ஃபெடரலிஸ்ட்கள் பர் பக்கம் போனார்கள்: ஜெபர்சனுக்கு 8, பர்ருக்கு 6, வெர்மான்டும் மேரிலாந்தும் உள்ளுக்குள்ளேயே சரிபாதியாகப் பிளந்திருந்ததால் யாருக்கும் இல்லை. 1801 பிப்ரவரி 11இல் ஆரம்பித்து நாள் கணக்கில் 35 முறை ஓட்டெடுத்தும் அதே முடிவு. வெளியே, ஜெபர்சனை ஏமாற்றினால் படை திரட்டுவோம் என்ற பேச்சு எழுந்துவிட்டது.

இங்கேதான் ஹாமில்டன் வருகிறார். ஜெபர்சனை வாழ்நாள் முழுக்க வெறுத்தவர், பர்ரை அதைவிட வெறுத்தார். தன் கட்சிக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, ஜெபர்சனையாவது பொறுத்துக்கொள்ளலாம் என்றார். பெரும்பாலானோர் கேட்கவில்லை. கடைசியில் டெலவேர் மாநிலத்தின் ஒரே உறுப்பினரான ஃபெடரலிஸ்ட் ஜேம்ஸ் பேயர்ட் இறங்கி வந்தார். கடற்படையிலும் அரசுக் கடனிலும் கை வைக்க மாட்டோம் என்று ஜெபர்சன் தரப்பிலிருந்து உறுதி வந்ததாகப் பிறகு பேயர்ட் சொன்னார், ஜெபர்சன் அப்படி எதுவும் இல்லை என்றார். பிப்ரவரி 17இல் 36ஆவது சுற்றில் டெலவேர் வெற்றுச்சீட்டு போட்டது, மேரிலாந்து ஃபெடரலிஸ்ட்களும் அப்படியே செய்தார்கள், வெர்மான்டின் ஃபெடரலிஸ்ட் உறுப்பினர் சபைக்கே வரவில்லை. அதனால் வெர்மான்டின் ஓட்டைத் தனியாளாக ஜெபர்சனுக்குப் போட்டவர் யார் தெரியுமா? மேத்யூ லயன்.

இதை அமைதியான ஆட்சி மாற்றம் என்று புத்தகங்கள் புகழ்கின்றன. ரத்தம் சிந்தவில்லை, அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பதவியேற்பு நாளன்று விடியற்காலையிலேயே ஆடம்ஸ் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். ஜெபர்சன் உரையில் "நாம் எல்லோரும் ரிபப்ளிக்கன்கள், எல்லோரும் ஃபெடரலிஸ்ட்கள்" என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எதிர்க்கட்சியை ஏற்றுக்கொண்டதாக இதை நான் படிக்கவில்லை, சீக்கிரம் அவர்களைக் கரைத்து உள்ளே இழுத்துவிடலாம் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். ராஜத்துரோகச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு மன்னிப்புக் கொடுத்த அவரே, 1803இல் பென்சில்வேனியா ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், பத்திரிகைகள் மேல் சில வழக்குகள் போட்டால் நல்லது என்று யோசனை சொன்னார். அந்தச் சமயத்தில் நியூயார்க்கில் அவரைத் தாக்கி எழுதிய ஹாரி குரோஸ்வெல் என்ற ஃபெடரலிஸ்ட் பத்திரிகைக்காரர் மீது வழக்கு நடந்தது. எழுதியது உண்மை என்றால் அதை நிரூபிக்க அனுமதிக்க வேண்டும் என்று 1804இல் அவருக்காக மேல்முறையீட்டில் வாதாடியவர் ஹாமில்டன். நீதிபதிகள் இரண்டுக்கு இரண்டு எனப் பிரிந்தார்கள், ஆனால் அந்த வாதத்தை அடுத்த வருடமே நியூயார்க் சட்டமாக்கியது. ஹாமில்டன் அதைப் பார்க்கவில்லை, 1804 ஜூலையில் பர்ரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு மறுநாள் இறந்துபோனார். சுட்ட பர் அப்போதும் நாட்டின் துணை அதிபர்.