மிட்டாய்க்கு விலைபோனவன்

கேள்வி: என் பத்து வயது மகனுக்கு சி. எஸ். லூயிஸின் நார்னியா என்ற மாய நாட்டுக் கதைகளில் முதல் நாவலை வாசித்துக் காட்டினேன். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போர், மீட்பின் கதை என்றெல்லாம் பாராட்டுகிறார்கள். ஆனால் கேவலம் ஒரு மிட்டாய்க்காக அண்ணன், அக்கா, தங்கை மூவரையும் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுத்த எட்மண்டை மன்னித்து, ராஜாவாகவும் ஆக்கிவிடுகிறார்களே! குழந்தைகளுக்கு இது தப்பான பாடம் ஆகாதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: 'கேவலம் ஒரு மிட்டாய்' என்று எழுதிவிட்டீர்கள். அதை என்னால் சும்மா விட முடியவில்லை.

அந்த மிட்டாய் டர்கிஷ் டிலைட். மாவும் சர்க்கரையும் பன்னீரும் சேர்த்துக் கிண்டி, துண்டு போட்டு, மேலே பொடித்த சர்க்கரை தூவுவார்கள். நாவல் வெளிவந்தது 1950 அக்டோபரில். பிரிட்டனில் மிட்டாய்க்கு 1942 ஜூலையில் வந்த ரேஷன் அப்போதும் நீங்கவில்லை. 1949 ஏப்ரலில் எடுத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் வாங்கிய வேகத்துக்குச் சரக்கு கட்டுப்படியாகாமல் ஆகஸ்டிலேயே மறுபடி போட்டார்கள். ஒரேயடியாக ஒழிந்தது 1953 பிப்ரவரியில்தான். ஆளுக்கு நான்கு வாரத்துக்குப் பெரும்பாலும் 12 அவுன்ஸ், அதாவது முக்கால் ராத்தல். சூனியக்காரி பனியில் ஒரு சொட்டு விட்டதும் பச்சைப் பட்டு நாடா கட்டிய ஒரு பெட்டி வருகிறதே, அதில் பல ராத்தல் இருந்தது என்கிறார் லூயிஸ். மூன்று ராத்தல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான்கு மாதப் பங்கு! அதை ஒரு பையன் ஒரே மூச்சில் தின்கிறான். 1950இல் இதைப் படித்த லண்டன் பிள்ளைக்கு எட்மண்டின் சபலத்தை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. போதாததற்கு அது மந்திரம் ஏற்றிய பண்டம். ஒரு முறை ருசித்தவர்கள், விட்டால் சாகிறவரை தின்பார்கள். இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்று நம்பிப் போனவனுக்கு இரண்டாம் முறை என்ன கிடைத்தது? இரும்புத் தட்டில் காய்ந்த ரொட்டியும் இரும்புக் கிண்ணத்தில் தண்ணீரும்.

உங்கள் மகனுக்கு டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் பனி அரசி கதையையும் கையோடு வாசித்துக் காட்டுங்கள். 1844இல் வந்தது. அதிலும் வெண்ணிற உடுப்பில் ஒருத்தி பனிச்சறுக்கு வண்டியில் வருகிறாள், சிறுவனைத் தன் கம்பளிக்குள் இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். லூயிஸ் அந்த வண்டியைத்தான் எடுத்து ஓட்டுகிறார். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆண்டர்சன் கதையில் காய் என்ற அந்தச் சிறுவனுக்குக் கண்ணிலும் நெஞ்சிலும் பிசாசுக் கண்ணாடியின் சில்லு தைத்துவிடுகிறது. அதனால் கெட்டுப்போகிறான், அவன் மேல் குற்றமில்லை. அவன் தோழி கெர்டாவின் கண்ணீர் விழுந்து சில்லு கரைந்ததும் சரியாகிவிடுகிறான். எட்மண்டுக்கு அப்படி எந்தச் சில்லும் தைக்கவில்லை. மிட்டாய்க்கு முன்பே அவன் தங்கையைச் சீண்டுகிறவன்தான், அண்ணன் மேல் பொறாமைப்படுகிறவன்தான். பீவர் என்ற, அணை கட்டும் விலங்குத் தம்பதி வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, கோட்டைக்கூட எடுக்காமல் கொட்டும் பனியில் நழுவிப் போகிறான். சூனியக்காரி தன் மந்திரக்கோலால் கூடப்பிறந்தவர்களைக் கல்லாக்கிவிட மாட்டாள் என்று வழிநெடுகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான். மனிதன் தப்பு செய்யப் போகும்போது மனசு போடும் கணக்கை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய தேவதைக் கதை எனக்குத் தெரிந்து குறைவு.

ஒளி, இருள் என்றீர்கள். இந்தக் கதையில் கெட்டவள் கறுப்பாகவா இருக்கிறாள்? காகிதம் போல, பனி போல வெளுத்த முகம், ரத்தச் சிவப்பாக உதடு. க்ரிம் சகோதரர்களின் கதையில் ஸ்னோ ஒயிட் என்ற நல்ல பெண்ணுக்கு அமைந்த வெண்மையும் செம்மையும் இங்கே கொடுமைக்காரிக்குப் போய்விட்டன. நாடு முழுக்க நூறு வருடமாக வெள்ளைவெளேரென்று பனி. அந்த வெண்மைதான் அங்கே இருட்டு. வில்லன் என்றாலே கறுப்புச் சாயம் பூசுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பல வருடமாகச் சண்டை போட்டு வருகிறேன், அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 1954இல் வந்த ஐந்தாம் நார்னியா நாவலில் லூயிஸே சறுக்கிவிட்டார். எதிரி நாட்டாரைக் கறுத்த மேனியும் தலைப்பாகையுமாகப் படைத்தது எனக்கு இன்றைக்கும் கசப்புதான். முதல் நாவலில் தெரிந்த விவேகம் அங்கே அவரைக் கைவிட்டுவிட்டது.

அப்புறம் 'பாடம்'. சிறுவர் கதையின் அடியில் 'நீதி:' என்று அச்சடிப்பதை நான் எப்போதும் எதிர்க்கிறேன். கதையில் இருப்பதைக் குழந்தை எடுத்துக்கொள்ளும் முன் பெரியவர்கள் குறுக்கே வந்து நிற்கும் வேலை அது. எட்மண்டின் மாற்றத்தை லூயிஸ் எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். காட்டில் அணில் குடும்பம், கிழ நரி எல்லாம் கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. சூனியக்காரி கோலை ஓங்குகிறாள். 'வேண்டாம், வேண்டாம்' என்று எட்மண்ட் கத்துகிறான். கண்ணெதிரே அவை கல்லாகின்றன, அவன் கன்னத்தில் அறை விழுகிறது. அந்தக் கதையில் முதன்முதலாக அவன் தன்னைத் தவிர வேறொருவருக்காக வருந்துகிறான். நல்லவர்களின் தலைவனான அஸ்லான் என்ற சிங்கத்தை அவன் கண்ணால்கூடப் பார்த்திராத நேரம் அது.

மன்னிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. விடிகாலைப் பனிப்புல்லில் அஸ்லானும் எட்மண்டும் தனியே நடக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்பதை லூயிஸ் சொல்வதே இல்லை. திரும்பி வந்ததும், நடந்ததைப் பற்றி அவனிடம் பேச வேண்டியதில்லை என்று மட்டும் அஸ்லான் மற்றவர்களிடம் சொல்கிறது. நம் வீடுகளில் தப்பு செய்த பிள்ளைக்கு இந்த மரியாதை கிடைக்கிறதா? பத்து வருடம் கழித்தும் கல்யாணப் பந்தியில் வைத்துச் சொல்லிக்காட்டுகிறோம்.

ராஜாவாக ஆனது சும்மா கிடைத்ததும் இல்லை. அவன் உயிருக்கு ஈடாக அஸ்லான் கல்மேடையில் தன் உயிரைக் கொடுக்கிறது. லூயிஸ் கிறிஸ்தவர், இது சிலுவைக் கதையின் நிழல். போரில் எல்லோரும் சூனியக்காரி மேல் பாய்ந்து கல்லாகிக்கொண்டிருக்க, எட்மண்ட் அவளை விட்டுவிட்டு அவள் கோலை வெட்டி முறிக்கிறான். அந்தக் கோல் என்ன செய்யும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன்தானே! உயிர்போகும் அளவுக்குக் காயம். அப்போது அக்காவும் தங்கையும் ரகசியமாகப் பேசிக்கொள்கிறார்கள்: அஸ்லான் தனக்காக என்ன செய்தது என்று இவனுக்குத் தெரியுமா, சொல்லலாமா? தெரிந்தால் தாங்க மாட்டான் என்கிறாள் அக்கா. தெரியத்தான் வேண்டும் என்கிறாள் தங்கை. அந்தப் பேச்சு முடியாமலே நின்றுவிடுகிறது. ஆனால் எட்மண்ட் தான் செய்ததை மறக்கவே இல்லை. 1952இல் வந்த மூன்றாம் நாவலில், மனம் திருந்திய இன்னொரு பையனிடம் 'நீ வெறும் கழுதையாகத்தான் இருந்தாய், நான் துரோகி' என்று தானாகவே சொல்கிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இப்போது பதிப்பாளர்கள் 1955இல் வந்த ஆறாம் நாவலுக்கு முதல் எண் போட்டு விற்கிறார்கள், கதை நடந்த கால வரிசையாம். லூயிஸே 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் அந்த வரிசைக்குத் தலையாட்டியிருக்கிறார். இந்த விஷயத்தில் அவரோடும் எனக்கு உடன்பாடில்லை. பனிக்காட்டின் நடுவில் ஒரு தெருவிளக்கு எரிகிறதே, அது எப்படி அங்கே வந்தது என்று ஆறாம் நாவல் சொல்கிறது. சூனியக்காரி லண்டன் விளக்குக் கம்பத்திலிருந்து பிய்த்த இரும்புத் துண்டை அஸ்லான் மேல் வீசுகிறாள். அது மண்ணில் விழுந்து விளக்காக முளைக்கிறது. கொல்ல வீசிய இரும்பு அந்தக் காட்டுக்கு வெளிச்சமாகிவிட்டது. இதை முன்கூட்டியே படித்துவிட்டால் முதல் நாவலின் விளக்கு வெறும் விளக்காகப் போய்விடும். நீங்கள் சரியான இடத்தில்தான் தொடங்கியிருக்கிறீர்கள். மற்றவற்றையும் வெளிவந்த வரிசையிலேயே வாங்கிக் கொடுங்கள். விளக்கைப் பற்றி அவன் கேட்டால் பதில் சொல்லிவிடாதீர்கள்.