கைத்தறித் துணி என்றால் சாயம் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து சின்னதாக ஒரு ஆடை பிராண்டு நடத்துகிறோம். அம்மா நூலுக்குச் சாயம் போடுகிறார், அப்பாவும் சித்தப்பாவும் நெய்கிறார்கள், தங்கை வெட்டித் தைக்கிறாள், விற்பனையும் கணக்கும் என் பொறுப்பு. போன மாதம் மூன்று புகார்கள் வந்தன. ஒருவருடைய கருஞ்சிவப்புச் சட்டை முதல் சலவையிலேயே சாயம் விட்டு, அதன் வெள்ளைக் காலரையே ரோஸ் ஆக்கிவிட்டது. இன்னொருவருக்குச் சட்டை நீளத்தில் இரண்டு அங்குலம் சுருங்கிவிட்டது. மூன்றாமவர் முன்பு வாங்கிய அதே நீலத்தில் இன்னொன்று வாங்கினார், இரண்டும் வேறு வேறு நீலம் என்கிறார். சிவப்புக்கு ரியாக்டிவ் பொடி, நீலத்துக்கு அவுரி பயன்படுத்துகிறோம். "கைவேலை என்பதால் சாயம் போகும், சுருங்கும், நிறம் மாறும்" என்று டேக்கில் அச்சடித்துவிட்டால் போதும் என்கிறார் சித்தப்பா. அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். சித்தப்பா சொல்லும் மூன்றில் ஒன்றுதான் கைவேலையின் இயல்பு, மற்ற இரண்டும் வேலை முடியாமலே துணி வெளியே போனதால் வந்தவை. சிவப்புச் சட்டைக்கும் சுருங்கிய சட்டைக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், பேரம் பேச வேண்டாம். நீலம் வாங்கியவரிடம் மட்டும் பொறுமையாகப் பேசலாம், அதிலும் வாங்கும் முன்பே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதால் மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்குங்கள். இந்த மூன்றையும் ஒரே வரியில் டேக்கில் போட்டுவிட்டால், கையால் நெய்த துணி என்றாலே குறையுள்ள துணி என்று வாங்குபவர் மனத்தில் பதிந்துவிடும், அது உங்களை மட்டும் பாதிக்கிற விஷயம் கிடையாது.

முதலில் சிவப்பு. ரியாக்டிவ் சாயம் 1956-இல் சந்தைக்கு வந்தபோது பருத்திச் சாயத்தில் அது பெரிய மாற்றமாக இருந்தது, காரணம் அது நூலின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை, சோடா உப்பு சேர்ந்த காரநீரில் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கிறது. அப்படிப் பிணைந்த சாயம் சாதாரண வீட்டுச் சலவையில் போகாது. அப்படியானால் ஏன் போகிறது? தொட்டியில் போட்ட சாயம் முழுவதும் இழையைப் போய்ச் சேர்வதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடே வினை புரிந்து செத்துப்போகிறது. இந்தச் செத்த சாயத்துக்கு இனி எதனோடும் பிணையும் சக்தி கிடையாது, ஆனால் நிறம் அப்படியே இருக்கும், நூலுக்குள் புகுந்து உட்கார்ந்தும் இருக்கும். அடர்ந்த சிவப்பு, கறுப்பு, கருநீலம் போடும்போது இது நிறையவே தங்கும். உங்கள் வாடிக்கையாளரின் காலரில் ஏறியது இதுதான்.

அதை வெளியேற்றுவது சாயம் போடும் வேலையின் கடைசிப் பாதி, பெரும்பாலான சின்னக் குடும்பத் தொழில்களில் அவசரத்தில் விட்டுப்போவதும் இந்தப் பாதிதான். சாயத்தொட்டியிலிருந்து எடுத்த நூலை முதலில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். இதன் நோக்கம் சாயத்தொட்டியில் சேர்த்த உப்பையும் சோடாவையும் வெளியேற்றுவது, ஏனென்றால் உப்பு இருக்கும்வரை செத்த சாயம் இழையை விட்டு நகராது. அப்புறம் வெதுவெதுப்பான நீர். அதற்குப் பிறகுதான் முக்கியமானது: கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் காரமில்லாத சோப்புக் கரைசல் கொஞ்சம் விட்டுப் பதினைந்து நிமிடம் நூலைப் புரட்டிப் புரட்டி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் நிறமாகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னொரு முறை. பச்சைத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் இந்தச் சூடு செய்வதைச் செய்யாது, அலசும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. ஒரு நூல் கழியை (நூற்கட்டை) வெந்நீர் உள்ள கண்ணாடி டம்ளரில் ஐந்து நிமிடம் போட்டு வைத்துப் பாருங்கள், அந்தத் தண்ணீர் நிறமில்லாமல் இருந்தால்தான் வேலை முடிந்தது.

வாடிக்கையாளரிடம் "முதல் முறை உப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள், சாயம் பிடித்துக்கொள்ளும்" என்று பலர் சொல்கிறார்கள். இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும், உப்பு செத்த சாயத்தை அந்த ஒரு நாளைக்குப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான், அடுத்த சலவையில் அது வெளியே வரும். வினிகரும் இங்கே உதவாது. கடையில் விற்கும் டை ஃபிக்ஸரை அலசாத நூலின் மேல் ஊற்றுவதும் பூசி மெழுகுவதுதான்.

அலசி முடித்த பிறகும் சாயம் அதிகமாகப் போகிறது என்றால் பிணைப்பே சரியாக ஏற்படவில்லை என்று பொருள். பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்: முந்தைய நாள் கரைத்து வைத்த சாயத்தைப் பயன்படுத்துவது, தொட்டித் தண்ணீர் குளிர்ந்திருப்பது, சோடா உப்பு குறைவு, அல்லது நூலில் இருக்கும் மெழுகும் அழுக்கும் போகச் சோடாவில் வேகவைக்காமல் நேராகத் தொட்டியில் இறக்குவது. எந்த வகை ரியாக்டிவ் பொடி என்பதையும் பாருங்கள். குளிர்வகை 30 முதல் 40 டிகிரியிலேயே பிடித்துவிடும், சூட்டுவகைக்கு 80 டிகிரி வரை வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து ஒரே சூட்டில் போட்டால் ஒன்று பாதியிலேயே நிற்கும்.

இன்னொன்று, கேள்விக்கு வெளியே என்றாலும் சொல்லாமல் விட முடியாது. பொடியை எடுக்கும்போதும் கரைக்கும்போதும் அம்மா நல்ல மாஸ்க்கும் கையுறையும் போடட்டும். இந்த நுண்பொடியைச் சுவாசித்துக்கொண்டே இருந்தால் சிலருக்கு ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை வரும், வந்துவிட்டால் அதன் பிறகு துளி பொடியே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஈரத் துணி விரித்த மேசையில் எடை போடச் சொல்லுங்கள்.

சுருக்கத்துக்கு வருவோம். தறியில் பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், இழுபட்ட நிலையில்தான் இருக்கிறது. நெய்து எடுத்த துணி தண்ணீரைப் பார்த்ததும் அந்த இழுவிசை தளர்கிறது. கூடவே பருத்தி நூல் நனைந்து பருக்கும், பருத்த நூலைச் சுற்றி வளைந்து போக எதிர்த்திசை நூலுக்கு அதிக நீளம் தேவைப்படும், அந்த நீளம் துணியின் நீளத்திலிருந்துதான் போகிறது. கைத்தறிப் பருத்தி 5 முதல் 10 சதவீதம்வரை சுருங்குவது சாதாரணம். 28 அங்குலச் சட்டையில் இரண்டு அங்குலம் என்றால் 7 சதவீதம், ஆக உங்கள் துணி வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் செய்யவில்லை. அது செய்ய வேண்டியதைத் தைத்த பிறகு வாடிக்கையாளர் வீட்டில் செய்தது, அதுதான் பிரச்சினை.

ஆகவே வெட்டும் முன் துணியைத் துவைத்துவிட வேண்டும். எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்துகொள்ள, துணியின் ஓரத்திலிருந்து 60 செ.மீ. சதுரம் வெட்டி, நடுவில் 50 செ.மீ. சதுரத்தை வெள்ளை நூலால் தையல் போட்டுக் குறியுங்கள், பேனா வேண்டாம். வாடிக்கையாளர் எப்படித் துவைப்பாரோ அப்படியே மூன்று முறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, பாவுப் பக்கமும் ஊடைப் பக்கமும் (குறுக்கே ஓடும் நூலின் பக்கம்) தனித்தனியாக அளந்து பாருங்கள். மூன்று முறை ஏன் என்றால் முதல் சலவையில் எல்லாச் சுருக்கமும் வந்துவிடுவதில்லை. முதல் முறையில் 46, மூன்றாவதில் 45.5 என்றால் ஒரு முன்சலவை போதும், மிச்சம் இருப்பது 1 சதவீதம்தான். முதலில் 48, பிறகு 46 என்று இறங்கிக்கொண்டே போனால் இரண்டு முன்சலவை வேண்டும். மீதிச் சுருக்கம் 3 சதவீதத்துக்குள் வந்த பிறகு தங்கையிடம் கொடுங்கள்.

அப்பா நெய்த துணிக்கும் சித்தப்பா நெய்த துணிக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள். ஒவ்வொருவர் பாவை இழுத்துக் கட்டும் விதமும் ஊடையை அடிக்கும் பலமும் வேறு, ஒரே நூல், ஒரே தறி அகலம் என்றாலும் சுருக்கம் இரண்டு மூன்று சதவீதம் வித்தியாசப்படலாம். காலருக்குள் வைக்கும் கேன்வாஸ், லைனிங் துணி, பார்டர் எல்லாமும் முன்சலவை ஆக வேண்டும், இல்லையென்றால் சட்டை சரியாக இருக்கும், காலர் மட்டும் சுருண்டு நிற்கும்.

கணக்கு உங்களிடம் என்பதால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 8 சதவீதம் சுருங்கும் துணி 100 மீட்டர் நெய்தால் வெட்டுவதற்கு 92 மீட்டர்தான் கிடைக்கும். 100 மீட்டர் வேண்டும் என்றால் ஏறத்தாழ 109 மீட்டர் நெய்ய வேண்டும். துணியின் அடக்க விலை 9 சதவீதம் அளவுக்கு ஏறுகிறது, அதோடு முன்சலவைத் தண்ணீர், சூடு, அம்மாவின் கூடுதல் நேரம். வீட்டு ஆள்தானே என்று அந்த நேரத்தைக் கணக்கில் எழுதாமல் விட்டால், வேலை நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அலசலும் முன்சலவையும்தான். காசு கொடுக்காத வேலையை யாரும் கணக்குப் பார்த்துச் செய்வதில்லை. சட்டை விலையை ஏற்ற வேண்டியிருந்தால் ஏற்றுங்கள்.

இனி நீலம். அவுரி வேறு மாதிரிச் சாயம். அது தண்ணீரில் கரையாது, ஆக்ஸிஜன் நீக்கிய காரத் தொட்டியில் வேதி மாற்றம் அடைந்து மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைந்திருக்கும், நூலை வெளியே எடுத்ததும் காற்றுப்பட்டு நூலுக்குள்ளேயே நீலமாகி மாட்டிக்கொள்கிறது. இழையோடு பிணைப்பு எதுவும் கிடையாது. அதனால் அடர்ந்த அவுரி நீலம் சலவையில் தாக்குப்பிடித்தாலும் உரசினால் கொஞ்சம் ஒட்டும், இது உண்மையிலேயே அந்தச் சாயத்தின் இயல்பு. குறைக்க முடியும்: வலுவான தொட்டியில் ஒரே முறை நீண்ட நேரம் முக்குவதைவிட, வலு குறைந்த தொட்டியில் பல முறை குறுகிய நேரம் முக்கி, ஒவ்வொரு முறையும் முழுதாகக் காற்றாட விடுங்கள். கடைசியில் துளி வினிகர் விட்ட நீரில் காரத்தைப் போக்கிவிட்டுச் சூடான சோப்பு நீரில் அலசினால் மேலோட்டமாக ஒட்டியிருக்கும் நீலம் போய்விடும்.

லாட்டுக்கு லாட், அதாவது ஒரு முறை தோய்த்த நூலுக்கும் அடுத்த முறை தோய்த்த நூலுக்கும், நிறம் மாறுவதும் இங்கேதான் அதிகம். ஒவ்வொரு கழியை முக்கும்போதும் தொட்டியின் வலு இறங்குகிறது, ஆகவே "ஆறு முக்கு" என்று எண்ணி வைத்தால் மட்டும் அதே நீலம் வராது. ஒரு கழியை ஆறு முறை முக்கி முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காமல், எல்லாக் கழிகளையும் ஒரு முக்கு, பிறகு எல்லாவற்றையும் இரண்டாவது முக்கு என்று போங்கள், ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். ஈர நூல் எப்போதும் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்த மாதிரி நூலோடு காய்ந்த நூலை வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். இரண்டு லாட் நூல் ஒரே துணியில் வந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு நாடாவில் மாற்றி மாற்றி ஊடை போட்டால் கோடு தெரியாமல் கலந்துவிடும். ஒரு சட்டையின் கை, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் ஒரே துண்டுத் துணியிலிருந்து வெட்டப்பட வேண்டும், தங்கையிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அம்மா கண் பார்வையிலேயே அளவு போடுகிறவராக இருந்தால் அந்தக் கண்ணை மதியுங்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். நூலின் காய்ந்த எடை, சாயம் எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை லிட்டர், சூடு, நேரம், எந்தத் தண்ணீர், கூடவே காய்ந்த நூல் துணுக்கு ஒன்று. ஒரு கிலோ நூலுக்கு 20 கிராம் பொடி என்றால் 2 சதவீதம், அடுத்த முறை ஐந்து கிலோவுக்கு 100 கிராம் என்று யாரும் கணக்குப் போடலாம், நூலும் தண்ணீரும் இதே விகிதத்தில் இருந்தால். தண்ணீர் கூடினால் அதே பொடிக்கு நிறம் வெளுக்கும். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் என்று மாறும்போது அதில் உள்ள இரும்பும் சுண்ணாம்பும் நிறத்தை மங்க வைக்கும்.

ஒவ்வொரு லாட்டையும் விற்கும் முன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். பத்து செ.மீ. துண்டை வெள்ளைப் பருத்தியோடும் வெள்ளை நைலானோடும் சேர்த்துத் தைத்து, 40 டிகிரி சோப்பு நீரில் அரை மணி நேரம் குலுக்கி எடுங்கள். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, காய்ந்த நிலையில் பத்து முறை, ஈரமாகப் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். பெரிய ஆர்டருக்கு முன் மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், அங்கே 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள், 5 என்றால் கறையே இல்லை.

டேக்கில் என்ன எழுதலாம் என்றால், சிவப்புக்கு எச்சரிக்கை எதுவும் தேவைப்படாத நிலைக்கு வாருங்கள். நீலத்துக்கு: "அவுரியில் தோய்த்தது. முதல் சில முறை உடுத்தும்போது உரசும் இடத்தில் லேசாக நீலம் ஒட்டலாம். தனியாகத் துவைக்கவும். ஒவ்வொரு தோய்ப்பிலும் நீலம் சற்று வேறுபடும்." விற்பனைப் படத்துக்குக் கீழும் இதே வரிகள் இருக்கட்டும், டேக்கை வாங்கிய பிறகுதான் பார்ப்பார்கள்.

கையில் இருக்கும் சரக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை. வெட்டாத சிவப்புத் துணிக்குச் சூட்டு அலசலை இப்போதும் செய்யலாம், செத்த சாயம் எத்தனை மாதமானாலும் வெந்நீருக்கு வெளியே வரும். முன்சலவையும் அதோடு முடிந்துவிடும். ஒரே நிறத்தில் தைத்து முடித்த சட்டைகளில் ஒன்றை அலசிப் பாருங்கள், வடிவம் கெடவில்லை என்றால் மற்றவற்றையும் அலசி, திரும்ப அளந்து, ஒரு சைஸ் குறைத்து டேக் போடுங்கள். வெள்ளைக் காலர் வைத்தவற்றை அப்படியே சூட்டில் இறக்காதீர்கள். காலரைப் பிரித்தெடுத்து, சட்டையை அலசி, அளந்து வெட்டிய புதுக் காலரைத் தங்கை வைத்துத் தரட்டும்.