ரீமருக்கு முன்னால் புல்லட்டை வாங்குங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சேம்பர் ரீமர், அதாவது பேரலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையான சேம்பரை வெட்டும் கருவி பற்றியவை, அதனால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டேன். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று ஒவ்வொரு தடவையும் எழுதினால் படிப்பவருக்கும் அலுக்கும், எழுதுபவனுக்கும் அலுக்கும். லேத் முன்னால் நிற்பவர்கள் சொல்வதுபோல் 'தவ்' என்றே எழுதுகிறேன். ஒரு தவ் என்றால் 0.0254 மில்லிமீட்டர்.

கேள்வி: .22-250 ரெமிங்டன் என்கிற தோட்டாவுக்கு ஒரு வார்மின்ட் ரைஃபிள் (தொல்லை தரும் சிறு பிராணிகளைச் சுடுவது) செய்யக் கொடுக்கப்போகிறேன். உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர்தான் செய்கிறார். தன்னிடம் உள்ள ஸ்டாண்டர்ட் ரீமரிலேயே சேம்பர் போடலாம், இல்லை என்றால் நீங்கள் சொல்கிற அளவில் ரீமர் வரவழைக்கலாம் என்கிறார். நெக், அதாவது தோட்டாவில் புல்லட்டைப் பிடிக்கும் கழுத்து உட்காரும் இடம், எவ்வளவு வைக்கச் சொல்வது? மேஜையில் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும் பென்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் மாதிரி டைட்டாக வைத்தால் குறி இன்னும் துல்லியமாகுமா?

பதில்: நீங்கள் கடைசியில் கேட்கவேண்டியதை முதலில் கேட்கிறீர்கள். எந்தக் கம்பெனி பித்தளைக் கேஸ், எந்த புல்லட் என்று முடிவு செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் ரீமர் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அந்த இரண்டையும் வாங்குங்கள். கேஸ் ஒரே லாட்டில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும். வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாமல் புல்லட்டை மட்டும் செருகி நாலைந்து டம்மி ரவுண்டு செய்து, நெக்கின் வெளி விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வெர்னியர் வேண்டாம், இந்த வேலைக்கு அதை நம்ப முடியாது. ஒரே இடத்தில் அளந்துவிட்டு விடாமல் ரவுண்டைச் சுற்றிச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் அளந்தால், நெக் சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருப்பது தெரியவரும்.

உதாரணத்துக்கு நெக் சுவர் 13 தவ் என்று வைத்துக்கொள்வோம். புல்லட் 0.224, இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து 0.026, ஆக மொத்தம் 0.250 அங்குலம். சேம்பர் நெக்கை 0.251 என்று வைத்தால் பக்கத்துக்கு அரை தவ்தான் இடைவெளி. போட்டிக்காரர்கள் இப்படி வைப்பது உண்மைதான், ஆனால் அவர்கள் ஒவ்வொரு கேஸின் நெக்கையும் கடைந்து சுவரை ஒரே தடிமனுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சுடுகிறார்கள். நிழலில், மேஜை முன் உட்கார்ந்து, அவ்வப்போது பேரலைத் துடைத்துத் துடைத்துச் சுடுகிறவர்கள் அவர்கள். வார்மின்ட் வேட்டை அப்படி இல்லை. அமெரிக்கப் புல்வெளிகளில் ப்ரெய்ரி டாக் என்கிற கொறிணியைச் சுடப் போகிறவர்கள் ஒரே பகலில் நூற்றுக்கணக்கில் சுடுகிறார்கள், புழுதி பறக்கும், பேரல் கொதிக்கும், நெக் பகுதியில் கரி படிந்துகொண்டே போகும். அரை தவ் இடைவெளியை அந்தக் கரியே தின்றுவிடும். அப்புறம் சுடும்போது கேஸ் நெக் விரிந்து புல்லட்டை விடுவிக்க இடமிருக்காது, அழுத்தம் எங்கேயோ எகிறிவிடும். இது குறி தப்புகிற விஷயம் மட்டும் இல்லை, உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற விஷயம்.

அதனால் என் யோசனை, மொத்தத்தில் மூன்றிலிருந்து நான்கு தவ் இடைவெளி. உங்கள் கணக்கு 0.250 என்று வந்தால் ரீமர் நெக் 0.253 அல்லது 0.254. நான் 0.254 பக்கம்தான் சாய்வேன், ஏனென்றால் அடுத்த வருடம் வாங்கும் லாட்டில் சுவர் அரை தவ் தடித்து வந்தாலும் கவலைப்படவேண்டாம், நெக்கைக் கடையும் வேலையும் மிச்சம்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. துப்பாக்கி, தோட்டா அளவுகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான சாமி (SAAMI), .22-250 தோட்டாவின் நெக் 0.254 வரை இருக்கலாம் என்கிறது. அந்த உச்ச அளவில் ஒரு ரெடிமேட் தோட்டா வந்தால் 0.254 சேம்பரில் இடைவெளியே இருக்காது. ஆகவே ரெடிமேட் தோட்டாவும் சுடுவேன், துப்பாக்கியை நண்பருக்கும் கொடுப்பேன் என்றால் பேசாமல் ஸ்டாண்டர்ட் நெக்கோடு இருந்துவிடுங்கள். இல்லை, என் கையால் லோட் செய்ததைத் தவிர வேறு எதுவும் இதில் போகாது என்றால் மட்டும் குறைத்த நெக். அப்படிக் குறைத்தால் அந்த அளவைப் பேரல் மேலேயே பொறிக்கச் சொல்லுங்கள். இன்னும் இருபது வருடம் கழித்து அந்தத் துப்பாக்கி யார் கையில் இருக்குமோ!

துல்லியம் கூடுமா என்று கேட்டீர்கள். நெக்கைக் குறைப்பதால் மட்டும் நீங்கள் கண்ணால் பார்க்கிற அளவுக்குக் கூடாது. நல்ல பேரல், நேராக வெட்டிய சேம்பர், இவை இரண்டும் அதைவிடப் பெரிய விஷயம். குறைத்த நெக்கின் நிஜ லாபம் கேஸின் ஆயுள்தான். ஒவ்வொரு தடவையும் விரிந்து சுருங்கும் தூரம் குறைவதால் பித்தளை சீக்கிரம் இறுகி விரிசல் விடாது.

சேம்பர் தயாரான பிறகு ஒரு சின்ன சோதனை: சுட்ட கேஸை ரீசைஸ் செய்யாமல், அதாவது டை என்கிற அச்சில் விட்டுப் பழைய அளவுக்குச் சுருக்காமல், அதன் வாயில் ஒரு புது புல்லட்டை விட்டுப் பாருங்கள். தானாக வழுக்கி உள்ளே இறங்கவேண்டும். விரலால் அழுத்தவேண்டி வந்தால் அந்த லோடை (மருந்தும் புல்லட்டும் சேர்ந்த சேர்க்கையை) நிறுத்திவிட்டு, நெக் ஏன் பிடிக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: அதே .22-250தான் எனக்கும். 55 கிரெயின் எடை புல்லட்டும் சுடவேண்டும், 75 கிரெயின், 80 கிரெயின் நீள புல்லட்டும் சுடவேண்டும். ஃப்ரீபோர் எவ்வளவு வைத்தால் இரண்டுக்கும் ஒத்துவரும்?

பதில்: ஒத்துவராது. முதலில் ட்விஸ்ட்டைப் பாருங்கள், அதாவது புல்லட்டைச் சுழலவைக்க பேரலுக்குள் வெட்டிய ரைஃப்லிங் பள்ளங்கள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதை; .22-250க்குக் காலம்காலமாகப் போட்டுவந்த 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்கிற பேரலில் 55 கிரெயின் அழகாகப் போகும், ஆனால் அந்த நீள புல்லட்டெல்லாம் காற்றில் நிலைகொள்ளாமல் தடுமாறும். அதற்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். சரி, 8 ட்விஸ்ட் பேரலே வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஃப்ரீபோரில் இழுபறி தீராது.

ஃப்ரீபோர் என்பது கேஸ் வாய்க்கும் ரைஃப்லிங் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் பள்ளம் இல்லாமல் வெறுமனே இருக்கும் குழாய்ப் பகுதி. நீள புல்லட்டைக் கேஸுக்குள் ஆழமாகத் திணிக்காமல், அதன் பின்பக்கம் ஒடுங்கத் தொடங்கும் இடம் நெக்கும், கேஸ் அகலமாகும் சரிவான தோளும் சேரும் கோட்டுக்குக் கீழே போகாமல் வைக்கவேண்டும் என்றால் ஃப்ரீபோர் நீளமாக வேண்டும். அதே சேம்பரில் 55 கிரெயினைப் போட்டால், நெக் அதைச் சரியாகப் பிடித்திருக்கும் நிலையில் மூக்கு ரைஃப்லிங்கை எட்டவே எட்டாது. எட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை, தூரத்திலிருந்து தாவிப்போய் ரைஃப்லிங்கைப் பிடிக்கும் புல்லட்டுகளிலும் நன்றாகக் குறி தருபவை உண்டு. ஆனாலும் ஒன்றை ராஜாவாக வைத்துக்கொண்டு அதற்கு சேம்பர் வெட்டுங்கள், இன்னொன்று அனுசரித்துப் போகட்டும். வார்மின்ட் வேலைக்குத்தான் என்றால் எனக்கு 55தான் ராஜா. மேகஸீனில் வைத்துச் சுடுகிறவர் அதன் உள்நீளத்தையும் அளந்துகொள்ளவேண்டும், தோட்டா அதைத் தாண்டி நீண்டுவிட்டால் ஒவ்வொன்றாகத்தான் கையால் போடவேண்டியிருக்கும்.

இரண்டு நீளத்துக்கு நடுவில் மனம் ஊசலாடினால் குறைந்ததை எடுங்கள். போதவில்லை என்றால் ரைஃப்லிங்குக்கு முந்தைய இந்தப் பகுதியை (த்ரோட்) மட்டும் வெட்டும் த்ரோட் ரீமர் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை வைத்துப் பின்னால் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். நீளமாக வெட்டியதைக் குறைக்க வழி ஒன்றுதான்: பேரலின் பின்பக்கத்தைக் கடைந்து கழித்துவிட்டு மறுபடி சேம்பர் போடவேண்டும். போதாக்குறைக்கு .22-250 சூடான கார்ட்ரிட்ஜ், சுடச்சுட த்ரோட் தானாகவே அரித்து முன்னால் நகர்ந்துகொண்டே போகும். நாம் வேறு அதற்கு உதவி செய்யவேண்டாம்.

எண்ணைச் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் புல்லட்டை நீங்கள் விரும்பும் ஆழத்தில் செருகிய டம்மி ரவுண்டு ஒன்றை ரீமர் செய்பவருக்கு அனுப்புங்கள், ஃப்ரீபோர் நீளம் அதிலிருந்தே வந்துவிடும். விட்டத்துக்கு புல்லட்டைவிட அரை தவ் கூட, அதாவது 0.2245. ரைஃப்லிங்குக்கு ஏறும் சரிவு ஒன்றரை டிகிரி. இவை இரண்டிலும் புதுமை செய்ய ஒன்றும் இல்லை. த்ரோட்டை மாற்றினாலும் சரி, புல்லட்டை ரைஃப்லிங்கில் தொடும்படி வைத்தாலும் சரி, பழைய லோடை அப்படியே போடாதீர்கள், மருந்தைக் குறைத்து ஆரம்பித்துப் படிப்படியாக ஏறுங்கள்.

கேள்வி: கஸ்டம் சேம்பர் ரைஃபிள் வாங்கினேன். நாலைந்து முறை ரீலோட் செய்த கேஸ்களைச் சுட்ட பிறகு போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது மேலே ஒரு 'டிக்' வருகிறது. லோடைக் குறைத்தும் போகவில்லை.

பதில்: லோடைக் குறைத்தும் போகவில்லை என்பதால் எனக்குச் சந்தேகம் டை மேல்தான். உங்கள் சேம்பரின் அடிப்பாகம் இறுக்கமாக வெட்டப்பட்டிருக்கும், ரீசைசிங் டையின் அடிப்பாகமோ கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கும். புதுப் பித்தளையில் துள்ளல் இருக்கும்வரை தெரியாது, அது இறுகிய பிறகு டை கேஸைச் சுருக்காமல் சும்மா உள்ளே போய்விட்டு வருகிறது. சுட்ட கேஸின் கீழ்ப்பகுதியை, கேஸ் அடியைச் சுற்றியுள்ள எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்துக்குச் சற்று மேலே, டைக்குள் போகும் முன்பும் வந்த பிறகும் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு தவ்வாவது குறைந்திருக்கவேண்டும். குறையவில்லை என்றால் டையை மாற்றுங்கள், சுட்ட கேஸ்களையே அனுப்பி அதற்கேற்ற டை செய்து வாங்குவதும் நடக்கிற காரியம்தான். புதிதாக ரீமர் சொல்லப்போகிறவர்கள் டையை முதலில் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் இந்தத் தலைவலியே வராது.

கேள்வி: கார்பைட் ரீமரா, ஹைஸ்பீட் ஸ்டீலா?

பதில்: ஒரு துப்பாக்கிக்கு ஹைஸ்பீட் ஸ்டீல் தாராளம். கார்பைட் நாள் முழுக்க சேம்பர் போடுகிற பட்டறைக்கு, விலையும் அதிகம், தட்டினால் முனை உடையும். அந்தக் காசில் ரீமர் முனையில் மாட்டும் பைலட் புஷ் ஒரு செட் சேர்த்து வாங்குங்கள், பேரலின் உள்துளைக்குச் சரியாகப் பொருந்தும் புஷ் இருந்தால்தான் ரீமர் நேராகப் போகும். சேம்பரின் நீளத்தைச் சரிபார்க்கும் கோ கேஜையும் ரீமர் செய்தவரிடமே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பழைய வார்மின்ட் ரைஃபிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. எந்த ரீமரில் வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, பேரலில் காலிபர் தவிர எதுவும் எழுதவில்லை. சுடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நெக்கைக் குறைத்துவிட்டுப் பொறிக்காமல் விட்ட துப்பாக்கிகள் நிறைய உலவுகின்றன. சேம்பர் காஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். செரோசேஃப் என்கிற உலோகக் கலவை கொதிக்கிற தண்ணீரின் சூட்டுக்கும் கீழேயே உருகிவிடும், அதைச் சேம்பரில் ஊற்றி ஆறவிட்டு எடுத்தால் நெக், த்ரோட் எல்லாம் அச்சாக வந்து நிற்கும். எடுத்த கையோடு அளக்கக் கூடாது, இறுகும்போது கொஞ்சம் சுருங்கி மறுபடி விரிகிற குணம் அதற்கு உண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து அளந்தால்தான் சேம்பரின் நிஜ அளவு கிடைக்கும். அந்த நெக் அளவை நீங்கள் போடப்போகும் தோட்டாவின் நெக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இடைவெளி மூன்று தவ்வுக்குக் குறைவாக இருந்தால் கேஸ் நெக்கைக் கடையவேண்டும், இல்லையென்றால் ஸ்டாண்டர்ட் ரீமரை உள்ளே விட்டு சேம்பர் நெக்கை அகலமாக்கித் தரச் சொல்லலாம், அரை மணி வேலை. ஹெட்ஸ்பேஸையும் (போல்ட்டை மூடியபின் தோட்டாவுக்குக் கிடைக்கும் நீளம்) அதே நடையில் கோ கேஜ், நோ-கோ கேஜ் போட்டுப் பார்த்துவிடுங்கள்.