திறப்பு உங்கள் கையில் இருக்கும்வரை வாடகைப் பொறுப்பும் உங்களுடையதே

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் ஒரு மேல்மாடி வீட்டில் பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து வாடகைக்கு இருக்கிறேன். மாத வாடகை 35,000 ரூபா, முற்பணம் 105,000 ரூபா. ஓராண்டுக்கென வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமிட்டோம். மட்டக்களப்புக்கு இடமாற்றம் கிடைத்ததால், மாத முடிவில் வீட்டை விடுவதாக ஜூன் 12 அன்று வாட்ஸ்அப்பில் அறிவித்தேன். அன்றிலிருந்து உரிமையாளர் அம்மா தண்ணீர் மோட்டாரை நேரத்துக்குப் போடுவதில்லை. அயலவர்களிடம் என்னைப் பற்றி அவதூறாகப் பேசுகிறார். எஞ்சிய ஏழு மாத வாடகையையும் கேட்கிறார். ஜூன் வாடகையை முற்பணத்தில் கழிக்கச் சொல்லிவிட்டேன். மீதி வரும்வரை திறப்பைக் கொடுப்பதாகவும் இல்லை. நான் செய்வது சரிதானே? (ஆசிரியை)

பதில்: மோட்டாரையும் அயலவர் பேச்சையும் ஒதுக்கி வைப்போம். அவை உண்மையாகவே இருந்தாலும், உங்கள் வாடகைக் கணக்கில் ஒரு ரூபாவைக்கூட மாற்றப் போவதில்லை. நீங்கள் எழுதியவற்றுள் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: உங்கள் ஒப்பந்தம் நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) முன்னிலையில் எழுதப்படவில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய உறுதியாக இல்லாவிட்டால் அது செல்லாது என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு. ஆகவே ஓராண்டு என்ற நிபந்தனை விழுந்துவிடுகிறது. நீங்கள் குடியிருந்து, அவர் மாதாமாதம் வாடகை வாங்கியதால் உருவான மாத வாடகைக் குடியிருப்பு மட்டுமே மிஞ்சுகிறது. ஏழு மாத வாடகை என்ற பேச்சுக்கு இடமில்லை. இருந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். முற்பணம் கொடுத்ததற்கு உங்களிடமுள்ள சான்று அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் இதே விதி உங்களையும் கட்டுகிறது. மாத வாடகைக் குடியிருப்பை முடிப்பதற்குப் பூரணமான ஒரு மாத அறிவித்தல் வேண்டும். அந்த அறிவித்தல் வாடகை மாதத்தின் இறுதி நாளில் முடிவடையவும் வேண்டும். ஜூன் 12 அன்று அறிவித்துவிட்டு ஜூன் 30 அன்று வெளியேற முடியாது. அந்த வாட்ஸ்அப் செய்தி ஜூலை 31 இற்கான அறிவித்தலாகத் தானாக மாறிவிடும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். ஜூன் 30 இற்கு முன்னர் அவர் கையில் கிடைக்கும்படி, ஜூலை 31 உடன் வீட்டை விடுவதாகப் பதிவுத் தபாலில் புதிய கடிதமொன்றை அனுப்புங்கள். ஜூலை வாடகை உங்கள் பொறுப்பு. நீங்கள் போன பின்னர் ஜூலை நடுவில் அவர் வேறொருவரைக் குடியமர்த்தினால், அந்த நாளிலிருந்து உங்களிடமும் வாடகை கேட்க முடியாது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தை இதற்குள் இழுக்க வேண்டாம். அது வீட்டிலிருந்து எழுப்பப்படுபவருக்குக் கவசமேயன்றி, தானாக எழும்பிப் போகிறவருக்கு அதில் எதுவும் இல்லை.

இனி, நீங்கள் செய்யப்போவதாக எழுதிய அந்தக் காரியம். முற்பணம் வரும்வரை திறப்பைப் பிடித்து வைப்பது கெட்டித்தனம் என்று நினைத்து, பிறகு என் மேசைக்கு வந்தவர்கள் பலர். சட்டத்தின் கண்ணில், திறப்பு உங்கள் கையில் இருந்தால் வீடும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் மட்டக்களப்பில் நித்திரை கொண்டாலும், உவர்மலை வீட்டின் உடைமையை நீங்கள் ஒப்படைக்கவில்லை. அறிவித்தல் முடிந்த பின்னர் உடைமையை விடாதவர், வெற்று உடைமை, அதாவது ஆளும் பொருளும் இல்லாத வீடு, ஒப்படைக்கப்படும் நாள்வரை மாதாமாதம் நட்டஈடு செலுத்த வேண்டும். மேல்மாடியைப் பூட்டியபடியே விட்டுவிட்டு வழக்குப் போடுவதில் உரிமையாளருக்கு எந்த அவசரமும் இல்லை. மாதம் 35,000 வீதம் ஓடினால் உங்கள் முற்பணம் மூன்றே மாதத்தில் கரைந்துவிடும், அதன்பின் நீங்கள்தான் கடன்காரர். ஒரு அறையில் அலுமாரியையும் குளிர்சாதனப் பெட்டியையும் வைத்துப் பூட்டிவிட்டு, ‘பிறகு வந்து எடுக்கிறேன்’ என்று போவதும், வீட்டைப் பார்த்துக்கொள்ள மச்சானை இருத்திவிட்டுப் போவதும் இதே பள்ளம்தான். அயல்வீட்டுக்காரரிடம் திறப்பைக் கொடுத்ததாகச் சொல்வதும் எடுபடாது, ஏனெனில் அவர் உரிமையாளரின் பிரதிநிதி அல்லர். உரிமையாளர் வாங்க மறுத்தால், சாட்சியொருவருடன் போய்க் கொடுக்க முயன்றதையும், அவர் மறுத்ததையும் அன்றைக்கே கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் சேருங்கள்.

ஜூன் வாடகையை முற்பணத்தில் கழிக்கச் சொன்னதும் பிழையே. முற்பணம் திரும்பத் தரப்பட வேண்டியதாவது வீட்டை ஒப்படைத்து, சேதக் கணக்குப் பார்த்த பின்னர்தான். இன்னும் தரவேண்டிய நிலைக்கு வராத கடனை, ஏற்கெனவே தரவேண்டிய கடனுடன் ஒருதலையாக ஈடுசெய்ய முடியாது. இப்போதைக்கு நீங்கள் நிலுவைக்காரர். அவர் ஏசுவார் என்று பயந்து பேசாமலிருக்காமல், ஜூன் வாடகையை வங்கியில் வைப்பிட்டு, அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

சேதத்தைப் பொறுத்தவரை, திருகோணமலையின் உப்புக் காற்றில் யன்னல் கம்பி துருப்பிடிப்பதும், வெளிச்சுவர்ப் பெயின்ட் பொரிவதும் சாதாரணத் தேய்மானம்; அவை உங்கள் கணக்கில் வராது. உடைந்த குளியலறைத் தொட்டி வரும். போகும் நாளில் ஒவ்வோர் அறையையும் படமெடுத்து, மின்சார, தண்ணீர் மானி வாசிப்புகளையும் ஒரே தாளில் எழுதி, உரிமையாளரின் கையொப்பத்தைப் பெறுங்கள்.

வழக்கை மறந்துவிடுங்கள். இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற்ற பின்னரே நீதிமன்றம். அதன்பின் ஒவ்வொரு தவணைக்கும் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏற வேண்டும். ஜூன் வாடகையைக் கட்டிவிட்டு, ஜூலை வாடகையை முற்பணத்தில் கழிக்க இருவரும் எழுத்தில் சம்மதித்தால் 70,000 ரூபா மிஞ்சும். பெயின்டுக்கென்று அவர் பத்தாயிரம் கேட்டால், அது உங்கள் பொறுப்பல்ல என்று எனக்குத் தெரிந்தும் சொல்கிறேன்: கொடுத்துவிடுங்கள். அறுபதாயிரத்தை எண்ணி வாங்கும் அதே மேசையில் திறப்பை வையுங்கள். இணக்கம் வந்தால் முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம்; வராவிட்டால் பணத்துக்காகத் திறப்பைப் பிடித்து வைக்காதீர்கள். இருவருக்கும் இடையில் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற ஒரு வரியையும் அந்தத் தாளிலேயே எழுதுவியுங்கள், ஏனெனில் வாடகை நிலுவை கோரி வழக்கிட அவருக்கு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.